குழந்தைகளுக்கான மருந்துகளில் செயற்கை நிறமூட்டிகளும் தோல் ஒவ்வாமையும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளுக்குரிய நீர்மருந்துகளில் கலக்கப்படும் செயற்கை நிறமூட்டிகள் சிலருக்குத் தோல் எதிர்வினைகளை உண்டாக்குகின்றன. அவற்றின் தன்மையையும், அவற்றை மருந்து ஒவ்வாமையிலிருந்து பிரித்தறிய வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிறமூட்டி, டார்ட்ராசின், காணாக்கடி, துணைப்பொருள், ஒவ்வாமை.

முன்னுரை

மருந்தில் நோய் தீர்க்கும் பொருளோடு இனிப்பு, மணம், நிறம் தரும் துணைப்பொருள்களும் உள்ளன. மருந்தை அடையாளம் காணவும், குழந்தை விரும்பி அருந்தவுமே நிறம் சேர்க்கப்படுகிறது. டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, பான்சோ 4ஆர், கார்மோய்சின் ஆகியன அசோ வகை நிறமூட்டிகளாகும்.

எதிர்வினையின் தன்மை

அரிப்புடன் கூடிய தடிப்பு எனப்படும் காணாக்கடி, உதடு மற்றும் கண்ணிமை வீக்கம் ஆகியன முதன்மை அறிகுறிகள். 1959ஆம் ஆண்டில் லாக்கி என்னும் அமெரிக்க மருத்துவர், டார்ட்ராசின் கலந்த ஸ்டீராய்டு மருந்துகளால் நேர்ந்த எதிர்வினைகளைப் பதிவு செய்தார். இவை அரிதாகவே நிகழ்கின்றன. பெரும்பாலானவற்றில் ஐஜிஇ எதிர்ப்பொருளின் பங்கு நிறுவப்படவில்லை; ஆதலின் ‘ஒவ்வாமை போன்ற எதிர்வினை’ என்பதே பொருத்தமான வழக்கு. இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. ஐஜிஇயைச் சார்ந்த தோல் குத்துச் சோதனை இங்கு நம்பத்தக்க விடை தராது. நிறமூட்டியை விலக்கிப் பார்த்தலும், மருத்துவக் கண்காணிப்பில் சிறிதளவு மீண்டும் கொடுத்துப் பார்த்தலுமே காரணத்தை உறுதிப்படுத்தும்.

பிழையாக அறிவதன் விளைவு

காய்ச்சலுற்ற குழந்தைக்கு அமோக்சிசிலின் நீர்மருந்து கொடுத்தபின் தடிப்பு தோன்றினால், அம்மருந்து, அதிலுள்ள துணைப்பொருள், வைரசுத் தொற்று ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆராயாமல் ‘பென்சிலின் ஒவ்வாமை’ எனப் பதிந்துவிட்டால், அக்குழந்தை பயனுள்ள மருந்தொன்றைப் பல்லாண்டுகள் இழக்க நேரும். காரணம் நிறமூட்டியாயின், மருந்தை மாற்றிய பின்னும் அதே நிறமூட்டியால் தடிப்பு மீளலாம். தொடர்பற்ற இரு மருந்துகளுக்கு ஒரே எதிர்வினை தோன்றுமாயின், இரண்டிற்கும் பொதுவான துணைப்பொருளை ஐயுறுதல் தகும்.

சட்ட ஏற்பாடுகள்

இந்திய மருந்து விதிகள், 1945இன் 127ஆம் விதி, அனுமதிக்கப்பட்ட நிறமூட்டிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றின் பெயரை மருந்துக் கலனின் மேலுள்ள சீட்டில் குறிக்கவும் பணிக்கிறது. அமெரிக்க விதி, டார்ட்ராசின் கலந்த பரிந்துரை மருந்துகளின் விளக்கக் குறிப்பில் ஒவ்வாமை எச்சரிக்கையையும் கட்டாயமாக்கியுள்ளது. இந்தியச் சீட்டுகளில் இப்பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிற்றெழுத்துகளில் அமைவதால் பெற்றோர் பலருக்கு எட்டுவதில்லை.

முடிவுரை

நிறமூட்டிகள் அனைத்தையும் அஞ்சுதல் வேண்டா. ஐயம் எழும்போது மருந்தின் பெயர், நிறமூட்டியின் பெயர், உட்கொண்ட நேரம், தடிப்பு தோன்றிய நேரம் ஆகிய நான்கையும் குறித்து மருத்துவரிடம் அளிப்பது காரணத்தைக் கண்டறியத் துணைபுரியும். முகவீக்கமோ மூச்சுத்திணறலோ காணின் உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். நிறமூட்டியின் பெயரைத் தமிழிலும் அச்சிடுவது, இக்குறிப்பைப் பெற்றோரே எழுத வழிவகுக்கும்.