அம்பேத்கர் படத்துடன் எவரெஸ்ட் உச்சியில்

பொத்தேரியில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் தாண்டி பரங்கிமலை வரும். எவரெஸ்ட் சிகரத்தின் கதையில் இந்த மலைக்கும் இடமுண்டு. 1802-ல் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே வில்லியம் லாம்டன் அளந்த கோட்டிலிருந்துதான் இந்தியாவின் மாபெரும் நில அளவை தொடங்கியது. அந்தப் பணி இமயம் வரை நீண்டு, 1856-ல் அச்சிகரத்தின் உயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. அளவைத் துறைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் பெயர் சிகரத்துக்குக் கிடைத்தது. அரை டன் கருவியைக் காடுமேடெல்லாம் சுமந்த கூலியாட்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

1953 மே 29-ல் எட்மண்ட் ஹிலாரியுடன் முதன்முதலில் உச்சியை அடைந்த டென்சிங் நோர்கேயும் சுமைதூக்கியாக மலையேறத் தொடங்கியவர்தான்.

2014 மே 25-ல் இந்த வரலாற்றில் நம் பிள்ளைகளும் இடம்பிடித்தனர். நிஜாமாபாத் மாவட்டப் பழங்குடி விவசாயக் கூலிகளின் மகள் மாலாவத் பூர்ணாவும், கம்மம் மாவட்டத் தலித் மாணவர் ஆனந்த் குமாரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றனர். அப்போது பூர்ணாவுக்கு வயது 13 ஆண்டு 11 மாதம். எவரெஸ்ட் ஏறிய மிக இளவயதுப் பெண் அவர். ஏப்ரல் 18-ல் நேபாளப் பக்கம் பனிச்சரிவில் 16 மலைத் தொழிலாளர்கள் இறந்த செய்தி வந்தும், திபெத் வழியே சென்ற இவர்கள் திரும்பவில்லை.

இருவரும் படித்தது அரசின் சமூகநல உறைவிடப் பள்ளிகளில். அவற்றின் செயலாளராக இருந்த ஐ.பி.எஸ். அதிகாரி ஆர்.எஸ். பிரவீன் குமார் மலையேற்றப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். புவனகிரிப் பாறையில் தொடங்கிய பயிற்சி டார்ஜிலிங், லடாக் வரை நடந்தது.

உச்சிக்கு அவர்கள் கொண்டுசென்றவை தேசியக்கொடி, அம்பேத்கர் படம், எஸ்.ஆர். சங்கரன் படம். சங்கரன் தஞ்சை மண்ணில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, ஆந்திராவில் கொத்தடிமைகளின் விடுதலைக்கும், தலித் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளுக்கும் உழைத்தவர்.

தமிழ்நாட்டிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் இருக்கின்றன. அங்கே சோறும் பாயும் கொடுத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. விளையாட்டுத் திடல், பயிற்சியாளர், சத்தான உணவு ஆகியவற்றையும் உரிமையாகக் கேட்க வேண்டும். பூர்ணாவையும் ஆனந்தையும் உச்சிக்கு அனுப்பியவை அரசுப் பள்ளிகள்தான். நம் ஊர்ப் பள்ளிக்கும் அது முடியும்.