மேடு ஏறினால் கெண்டைக்கால் வலியா? ரத்தக் குழாய் தரும் எச்சரிக்கை!

ஏற்காடு--

சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறும் மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பகலில் பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ரசித்தபடி வரலாம். நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவருக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு கண்டம்!

ஏற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் பெரிய இருதய சிகிச்சைக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

அந்தக் கண்டம் ஒரே ராத்திரியில் வருவது இல்லை. பல வருஷம் முன்பே ரத்தக் குழாய்க்குள் சத்தம் இல்லாமல் ஆரம்பித்து விடுகிறது. பல பேருக்கு அதை ஆரம்பித்து வைப்பது சர்க்கரை!

"வயசாச்சு தம்பி"

ஏரிப் பக்கம் ஒரு டீக்கடை. பெஞ்சில் ஒரு பெரியவர். வயது 60-ஐ தாண்டி இருக்கும். காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்.

"முன்னெல்லாம் மூட்டையோட ஏறுவேன் தம்பி. இப்ப கொஞ்ச தூரம் மேடு ஏறினா கெண்டைக்கால் பிடிச்சுக்குது. நின்னா சரியாப் போவுது. வயசாச்சு இல்லே?" என்றார்.

"சர்க்கரை பார்த்தீங்களா, ஐயா?"

"பார்த்தேனே! வெறும் வயித்துல நூத்திப் பத்து. பயம் இல்லைன்னு விட்டுட்டேன்."

சொன்னவர் கையில், சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பி!

நடந்தால் வலி, நின்றால் சுகம். இது காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கி இருக்கலாம் என்பதற்கு அடையாளம். காலில் நடப்பது இருதயத்திலும் நடந்துகொண்டு இருக்கலாம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

ரத்தக் குழாயின் உள்பக்கம் வழவழப்பான மெல்லிய தோல் போன்றது. சாப்பிட்டதும் சர்க்கரை கிடுகிடு என ஏறும்போது அந்தத் தோல் புண்படுகிறது. புண்பட்ட இடத்தில் கெட்ட கொழுப்பு உள்ளே நுழைகிறது. மேலே மேலே படிகிறது. போகப் போக சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கெட்டியாகிறது. உப்புத் தண்ணீர் குழாயில் உப்பு படியுமே, அந்த மாதிரி!

சர்க்கரை ஏறி இறங்குவது மட்டுமே தனியாக எவ்வளவு கேடு செய்கிறது என்பது பற்றி டாக்டர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் உயர்ந்த சர்க்கரை ரத்தக் குழாயைக் கெடுக்கும் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

சென்னையில் பார்த்தார்கள்

டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னை திருமங்கலம், தியாகராய நகர் பகுதி மக்களிடம் பரிசோதனை நடத்தினார்கள். கழுத்து ரத்தக் குழாயின் சுவரை ஸ்கேன் வைத்து அளந்தார்கள். முடிவு 2000-ம் ஆண்டு வெளியாயிற்று.

சர்க்கரை வியாதி இல்லாதவர்களுக்கு சுவர் தடிமன் சராசரி 0.74 மில்லி மீட்டர். சர்க்கரைக்காரர்களுக்கு 0.95! குழாய் தடித்துக் கெட்டியானவர்கள், வியாதி இல்லாதவர்களில் 100-க்கு ஒருவர். சர்க்கரைக்காரர்களில் 100-க்கு 20 பேர்!

2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல். வியாதியின் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். டீக்கடை பெரியவரின் 110-ம் அந்த வாசற்படிக் கணக்குதான்.

சாமை போய் அரிசி வந்தது

சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலைகளில் வாழும் மலையாளி இன மக்களின் பழைய சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு. தீட்டாத தானியம் மெதுவாக ஜீரணமாகும். சர்க்கரையும் மெதுவாக ஏறும். கூடவே மேடும் பள்ளமுமாக நடை.

இப்போது தட்டில் வெள்ளை அரிசி. நடைக்குப் பதில் மோட்டார் சைக்கிள்.

நகரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? காலையில் வெறும் காப்பியோடு பஸ் பிடிக்கிற குமாஸ்தா, பகல் 3 மணி வரை கல்லாவை விட்டு எழாத கடைக்காரர். பசித்த வயிற்றில் ஒரே மூச்சில் ஒரு தட்டு சோறு. சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

அதற்காக சாமையை மலை போல் குவித்துச் சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவு முக்கியம்!

இறங்கினாலும் ஆபத்து

மாத்திரை, ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவர்களுக்கு சர்க்கரை திடீர் என்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வரும். அதுவும் இருதயத்துக்கு சோதனைதான்.

இன்னொரு வேடிக்கை. டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருப்பார்கள்! டாக்டரை ஏமாற்றலாம். ரத்தக் குழாயை ஏமாற்ற முடியுமா?

என்ன செய்ய வேண்டும்?

* வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் போதாது. சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும். 140-க்குள் இருந்தால் நல்லது. தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும்.

* 3 மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் இருக்கிறது. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. பத்திய நாடகம் இதனிடம் பலிக்காது.

* ரத்த அழுத்தம், கொழுப்பு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

* சோற்றைக் குறைத்து காய், பருப்பை கூட்டுங்கள். சாப்பிட்ட பின் கொஞ்சம் நடங்கள்.

* சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை வந்தால் காத்திருக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கரை பரிசோதனைக்கு காசு கிடையாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு உடனே கொடுக்கும் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்க 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது.

இதையெல்லாம் சொன்னதும் டீக்கடை பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்க்கோணுமா? அது தெரியாமப் போச்சே!" என்றார்.

கடைக்காரரைப் பார்த்து, "நாளையிலேர்ந்து நம்ம காப்பிக்கு சர்க்கரை வேண்டாம்ப்பா" என்றபடி எழுந்தார். மேட்டில் பாதி தூரம் போனதும் நின்றார். கெண்டைக்காலை நீவி விட்டுக்கொண்டு, மறுபடி நடந்தார்.