தோல் வட்டாரத்து ஆங்கில வகுப்பும் தமிழ் இலக்கணமும்

வேலூரில் தொடங்கி ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள தோல் தொழில் வட்டாரத்தில் ஆங்கிலம் நெடுங்காலமாகவே பள்ளிப் பாடமாகவும் பிழைப்பின் மொழியாகவும் ஒருசேர இருந்துவருகிறது. 1898இல் வேலூரில் ஊரிசு கல்லூரியும் 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியும் தோன்றிய இவ்வட்டாரத்தில், டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் வெளிநாட்டு வாங்குநர்களோடு நடத்தும் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில்தான் நடைபெறுகிறது. ஆனால் வகுப்பறையில் அம்மொழியின் இலக்கணம் பெரும்பாலும் கைடுகளில் உள்ள வரையறைகளாகவே மனப்பாடம் செய்யப்படுகிறது. தமிழக அரசின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு 2019-20 முதல் இரு தாள்களுக்குப் பதிலாக 100 மதிப்பெண்ணுக்கான ஒரே தாளாகிவிட்டதால், அணிகள், வாக்கிய மாற்றம், கடிதம் ஆகிய அனைத்தையும் மாணவர்கள் ஒரே மூச்சில் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றில் பலவும் அவர்களுக்குப் புதியவை அல்ல. ஒன்றைப் போல மற்றொன்று என ஒப்புமையை வெளிப்படச் சொல்லும் ‘சிமிலி’ உவமையணியே. போல என்பது மறைந்து இரண்டும் ஒன்றே எனச் சொல்லும் ‘மெட்டஃபர்’ உருவகமே. பொருளணிகள் முப்பத்தைந்தை வகுத்துரைக்கும் தண்டியலங்காரத்தின் வழிவந்த இப்பாடத்தைத் தமிழ் வகுப்பில் படித்த மாணவரும், தஷ்பீஹ், இஸ்தியாரா என அவற்றையே உருது வகுப்பில் படித்த மாணவரும் ஆங்கில வகுப்பில் அருகருகே அமர்ந்து முதலிலிருந்து தொடங்குவது வீண் உழைப்பு என்றே சொல்ல வேண்டும்.

எனினும் ஒப்புமையைக் கண்மூடி நீட்டினால் பிழை நேரும். ‘அல்லிட்டரேஷன்’ மோனைக்கு நெருங்கியது என்றாலும், அது எழுத்தைப் பாராமல் ஒலியை மட்டுமே பார்ப்பது. ‘சிட்டி’, ‘கேட்’ (பூனை) என்னும் சொற்கள் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அவற்றிடையே ‘அல்லிட்டரேஷன்’ இல்லை. ‘நைஃப்’, ‘நெஸ்ட்’ என்பவை வெவ்வேறு எழுத்தில் தொடங்கினாலும் அது உண்டு. அடியின் இறுதியில் ஒலி ஒன்றும் ‘ரைம்’ என்பதை எதுகை எனச் சொல்லிக்கொடுப்பது வழக்கமாகிவிட்டது. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது என்பதால் இறுதியில் ஒன்றும் இயைபே அதற்குச் சரியான இணை. அஃறிணைக்கு மனிதப் பண்பேற்றும் ‘பெர்சானிஃபிகேஷன்’ என்பதைத் தற்குறிப்பேற்றம் எனக் கொள்வது இன்னும் பெரிய பிழை. காற்றில் அசையும் மதுரைக் கொடிகள் கோவலனை வரவேண்டாம் எனத் தடுப்பதாகச் சிலப்பதிகாரம் காட்டுமிடத்தில், இயல்பாக நிகழும் ஒன்றுக்குக் கவிஞர் தாமே ஒரு காரணத்தைக் கற்பிப்பதுதான் அணியே தவிர, கொடிக்குக் கை முளைப்பது அன்று.

வாக்கிய மாற்றத்தில் மாணவர்களை மிகவும் அலைக்கழிப்பது செய்வினை, செயப்பாட்டுவினை. டேனரியில் நடக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் இதன் காரணம் விளங்கும். ‘தொழிலாளி தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கிறார்’ என்னும் வாக்கியத்தைத் ‘தோலைத் தொழிலாளி சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கிறார்’ என மாற்றினாலும், ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு செயப்படுபொருளைக் காட்டிக்கொண்டே இருப்பதால், பொருள் கெடுவதில்லை. சொல் நிற்கும் இடமே எழுவாயையும் செயப்படுபொருளையும் தீர்மானிக்கும் ஆங்கிலத்திலோ இவ்விரு பெயர்களையும் இடம் மாற்றினால் தோல் தொழிலாளியை ஊறவைத்துவிடும். ஆகவே தோலை முன்னே கொண்டுவர ஆங்கிலத்திற்கு வினையின் வடிவத்தையே மாற்ற வேண்டிய தேவை எழுகிறது. செயப்பாட்டுவினையின் முதல் பணி அதுவே. செய்பவரைச் சொல்லாமல் விடுவது அதன் இரண்டாவது பணி. தமிழில் இதைத் ‘தோல் ஊறுகிறது’ எனத் தன்வினையே எளிதாகச் செய்துவிடுவதால், ‘ஊறவைக்கப்படுகிறது’ என்பது அரசாணை நடையாகவே காதில் விழுகிறது. ஊறவைத்தல், மயிர் நீக்குதல், சதை வழித்தல், பதனிடுதல் என நீளும் செய்முறையை ஆங்கிலத்தில் எழுதும்போது செயப்பாட்டுவினை வரிக்கு வரி வருவதும், செய்பவர் யார் என்பது அங்கே பொருட்டில்லை என்பதால்தான். ‘நீங்கள் கிழிந்த தோலை அனுப்பினீர்கள்’ எனக் குற்றஞ்சாட்டாமல் ‘சில தோல்கள் கிழிந்திருந்தன’ எனப் புகார்க் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு இந்த நுட்பம் முன்பே கைவந்திருக்கிறது. ‘பை’ சேர்த்து வினையை மாற்று என்னும் சூத்திரம் அதைத்தான் மறைத்துவிடுகிறது.

பிறர் கூற்றைத் தன் கூற்றாக மாற்றும் அயற்கூற்றிலும் இடர் இதே வகையினதுதான். ‘நாளை சரக்கு வரும்’ என்று ஏஜென்ட் சொன்னதை ‘மறுநாள் சரக்கு வரும் என்றார்’ எனத் தமிழில் மாற்றும்போது நாள் மாறுகிறது, காலம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் சொன்னவரின் வினை இறந்தகாலம் என்பதால் ‘வில்’ என்பதும் பெரும்பாலும் ‘வுட்’ என ஒரு படி பின்வாங்குகிறது. மாணவர் எளிதில் தவறும் இடம் அந்த ஒரு படி என்பதால், திருப்புதல் பாடத்தின் நேரத்தையும் அங்கேயே செலவிடலாம்.

ஆங்கிலத்தின் ‘அ’, ‘தி’ என்னும் ஆர்ட்டிகிள்கள் செய்யும் வேலை தமிழில் அறவே இல்லை எனக் கூறிக் கைவிடுவோரும் உண்டு. ஆனால் ‘மண்டியில் தோல் வாங்கினார்’ என்றால் ஏதோ தோல். ‘மண்டியில் தோலை வாங்கினார்’ என்றால் பேசுபவரும் கேட்பவரும் அறிந்த குறிப்பிட்ட தோல். அஃறிணைச் செயப்படுபொருளில் ‘ஐ’ பலநேரம் செய்யும் இவ்வேலை ‘தி’ செய்யும் வேலைக்கு மிக நெருங்கியது. உருதுவில் ‘கோ’ என்னும் உருபும் ஏறத்தாழ இவ்வாறே இயங்குகிறது. எழுவாயில் இந்த உதவி கிடைக்காது. ‘தோல் வந்தது’ என்பதில் எந்தத் தோல் என்பதைச் சூழலே சொல்கிறது என்பதால், மாணவர் கட்டுரைகளில் அங்கே ‘தி’ எளிதில் விடுபட்டுப்போகலாம்.