இதயம் தடித்தது ஏன்?

லண்டன் கய்ஸ் மருத்துவமனை மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரில் புரதம் ஒழுகிய 100 நோயாளிகளின் உடலில் கண்ட மாற்றங்களை 1836இல் அட்டவணையாக வெளியிட்டார். சிறுநீரகம் கெட்டிருந்ததில் வியப்பில்லை. வால்வில் பழுதே இல்லாத பலருக்கும் இதயம் தடித்திருந்ததுதான் புதிர். ரத்தத்தின் தன்மை மாறியதால் இதயம் நேரடியாகத் தூண்டப்படுகிறதா, நுண்ணிய ரத்தக்குழாய்களில் தடை கூடியதால் அதிகம் உழைக்கிறதா என்று யோசித்தார் பிரைட். ரத்த அழுத்தமானி இல்லாத காலத்து ஊகம்!

இரண்டுமே சரிதான். 300 கிராம்கூடத் தேறாத சிறுநீரக ஜோடிக்கு, இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அது வடிகட்டத் தவறினால் உப்பும் நீரும் தேங்கி ரத்த அழுத்தம் ஏறும். இது நாம் அறிந்த கதை.

அறியாத கதையில் எலும்பு வருகிறது. ரத்தத்தில் பாஸ்பேட் கூடினால் அதை வெளியேற்றச் சொல்லி எலும்பு சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோனை அனுப்பும், பெயர் எஃப்ஜிஎஃப்-23. நலிந்த சிறுநீரகம் சொன்னபடி கேட்பதில்லை. எலும்பும் விடுவதில்லை, மேலும் மேலும் சுரக்கிறது. அந்த ஹார்மோன் இதயத் தசையையே தடிக்கவைக்கும் என்று 2011இல் எலிகளில் காட்டினார்கள். தேங்கிய பாஸ்பேட் தமனிச் சுவரையும் விடாது: அங்குள்ள தசைச் செல்கள் எலும்புச் செல்களைப்போல மாறிச் சுண்ணாம்பு படிய வழிசெய்கின்றன. சிறுநீரகம் நலிந்தால் வரும் ரத்தசோகை இதயத்தின் வேலையை இன்னும் கூட்டுகிறது.

தடித்த இதயம் நன்றாகவே சுருங்கும், தளரத்தான் முடியாது. புது பலூனைப்போல விறைத்த அறைக்குள் ரத்தம் எளிதில் நிரம்பாமல் நுரையீரல் பக்கம் தேங்கும். ‘எக்கோ’வில் பம்பிங் 60 சதவீதம் என்று வந்ததும் நிம்மதியடைகிறோம். மாடிப்படியில் மூச்சு வாங்குபவருக்கு அந்த எண் மட்டும் போதாது.

டயாலிசிஸ் வரை போகாமலே இதயநோயால் இறக்கும் சிறுநீரக நோயாளிகள் ஏராளம். இப்போது இரு உறுப்புகளையும் காக்கும் மாத்திரைகள் உண்டு. டாபாகுளிஃப்ளோசின் அவற்றில் ஒன்று. அதன் மூதாதை, 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் பிரித்தெடுத்த ஒரு பொருள். பிரைட்டின் அட்டவணைக்கு முந்தைய ஆண்டு!

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.