பிடித்த படம்தான்... ஆனாலும் உறுத்துகிறதே ‘அலாதீன்’!

விளக்கைத் தேய்த்தால் பூதம் வரும் கதை நமக்குப் புதிதா என்ன? 1957-லேயே தமிழில் ‘அல்லாவுதீனும் அற்புத விளக்கும்’ வந்துவிட்டது. 1979-ல் கமலும் ரஜினியும் அதே விளக்கோடு வந்தார்கள். ஆனால், 90-களில் வளர்ந்தவர்களிடம் ‘அலாதீன்’ என்று சொல்லிப் பாருங்கள்... பலருக்கும் 1992-ல் டிஸ்னி எடுத்த கார்ட்டூன் படம்தான் நினைவுக்கு வரும்.

அந்தப் படத்தைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். ராபின் வில்லியம்ஸின் குரலில் நொடிக்கொரு உருவம் எடுக்கும் நீலநிற பூதம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பறக்கும் கம்பளம். அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை, பேச்சும் இல்லை. நான்கு மூலைக் குஞ்சங்களை வைத்துக்கொண்டே வெட்கப்படும், சோர்ந்துபோகும், பூதத்தோடு சதுரங்கம் ஆடி ஜெயிக்கும். அந்த ஆண்டு உலக அளவில் அதிகம் வசூலித்த படம் இதுதான். இரண்டு ஆஸ்கர் விருதுகள் வேறு!

இவ்வளவு அழகான படம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் வரும் வியாபாரி தன் ஊரைப் பற்றிப் பாடுகிறான். முகம் பிடிக்காதவனின் காதை அறுக்கும் ஊர், காட்டுமிராண்டித்தனமான ஊர் என்று பெருமையாக அறிமுகம் செய்கிறான். தியேட்டரில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த அரபு வம்சாவளி அமெரிக்கர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அமெரிக்க அரபு மக்களுக்காகக் குரல்கொடுக்கும் ஏ.டி.சி. அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. 1993-ல் படம் வீடியோ கேசட்டாக வந்தபோது காதை அறுக்கும் வரி போய், பாலைவன வெயிலைப் பற்றிய வரி வந்திருந்தது. ‘காட்டுமிராண்டித்தனம்’ மட்டும் அப்படியே இருந்தது. வெயில் அடித்தால் காட்டுமிராண்டி ஊரா என்று யாரும் கேட்கவில்லைபோல!

எதிர்த்தவர்களில் ஒருவர் கேஸி கேசம். லெபனான் வம்சாவளியைச் சேர்ந்த ரேடியோ பிரபலம். ‘ஸ்கூபி-டூ’ கார்ட்டூனில் ஷேகிக்குப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர். ஆக, கார்ட்டூன் என்றாலே ஆகாத ஆள் அல்ல. அதில் சம்பாதித்துச் சாப்பிட்டவர். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ தொடரில், ஒரு கற்பனை அரபு நாட்டுக்கு ‘கார்பாம்ப்யா’ என்று பெயர் வைத்தார்கள். கார் குண்டு என்று காதில் விழும்படியான பெயர். அதைப் பார்த்துவிட்டு அந்தத் தொடரிலிருந்தே விலகியவர் கேசம்.

பாட்டு வரியை மாற்றிவிடலாம். வரைந்த படத்தை? அலாதீனும் ஜாஸ்மினும் பேசுவது அக்மார்க் அமெரிக்க ஆங்கிலம். சந்தை வியாபாரிகளுக்கும் காவலர்களுக்கும்தான் பெரிய மூக்கு, பல் போன வாய், வேற்று நாட்டு உச்சரிப்பு. பசியோடு நிற்கும் சிறுவனுக்கு ஓர் ஆப்பிளை எடுத்துக் கொடுத்ததற்காக, ஜாஸ்மினின் கையையே வெட்டப் பார்க்கிறான் கடைக்காரன். நல்லவர்கள் ‘நம்மைப்போல’ இருக்கிறார்கள், மற்றவர்கள் ‘அவர்களைப்போல’ இருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம், கண்ணும் காதும் தானாகப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒற்றை வரியைவிட இதுதான் ஆழமாக இறங்குகிறது.

ஊர்க் குழப்பம் தனிக்கதை. அக்ரபா என்பது கற்பனை ஊர். அங்குள்ள அரண்மனையில் தாஜ்மஹால் சாயல் தெரிகிறது. இளவரசி வளர்க்கும் புலியின் பெயர் ராஜா! இத்தனைக்கும் பழைய கதையில் அலாதீன் இருப்பது சீனாவில். 1709-ல் பாரிஸில் அந்தக் கதையை பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் ஆந்த்வான் கலானுக்குச் சொன்னவர், சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப். ஆக, கதைக்காக ஊர்களைக் கலந்துகட்டுவது பழைய வழக்கம்தான். கலந்துகட்டிய ஊரை நிஜம் என்று நம்பும்போதுதான் வில்லங்கம்.

நம்புவார்களா? 2015 டிசம்பரில் அமெரிக்காவின் ‘பப்ளிக் பாலிஸி போலிங்’ நிறுவனம் தன் கருத்துக்கணிப்பில் குறும்பாக ஒரு கேள்வியைச் சேர்த்தது. ‘அக்ரபாமீது குண்டு போடலாமா?’ குடியரசுக் கட்சி வாக்காளர்களில் 30 சதவிகிதம் பேர் ‘போடலாம்’ என்றார்கள். ஜனநாயகக் கட்சியினரிலும் 19 சதவிகிதம் பேர்! சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால், இல்லாத ஊர்மீது குண்டு போட, அரபுப் பெயர்போலக் காதில் விழுந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

அதற்காகப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? அதுவும் அத்தனை சுலபமில்லை. மாநிறத் தோலும் கறுத்த கூந்தலுமாக டிஸ்னி இளவரசிகள் வரிசையில் முதலில் வந்தவள் ஜாஸ்மின். வெள்ளைத்தோல் இளவரசிகளையே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அவள் எவ்வளவு பெரிய விஷயம்! அரபு வீட்டுச் சிறுமி ஒருத்திக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தால், தாத்தாவின் ஊரைக் கேலி செய்யும் பாட்டைத் தாண்டித்தான் அவளிடம் போய்ச் சேர வேண்டும்.

‘டம்போ’, ‘பீட்டர் பேன்’ போன்ற பழைய படங்களை டிஸ்னி நீக்கவில்லை. 2020-ல், ‘இதில் காட்டியிருப்பது அன்றைக்கும் தவறு, இன்றைக்கும் தவறு’ என்ற பொருளில் முன்குறிப்பு சேர்த்தது. குறிப்பு ஓடிய 12 நொடியில் குழந்தைக்கு என்ன புரிந்திருக்கும்? சந்தைக் காட்சியில் படத்தை நிறுத்தி, ‘இவங்க மட்டும் ஏன் இப்படிப் பேசுறாங்க?’ என்று பக்கத்தில் இருக்கும் அம்மாவோ தாத்தாவோ கேட்டால், பதில் பிள்ளையிடமிருந்தே வந்துவிடலாம். அதன்பிறகும் கம்பளம் பறக்கத்தான் போகிறது.

2019-ல் ‘அலாதீன்’ நிஜ மனிதர்களை வைத்து மீண்டும் எடுக்கப்பட்டது. எகிப்தில் பிறந்த மேனா மசூத்தான் ஹீரோ. 27 ஆண்டுகள் கழித்து, ‘காட்டுமிராண்டித்தனம்’ இருந்த இடத்தில் ‘குழப்படியான ஊர்’ என்ற பொருள்தரும் சொல் வந்தது. பழைய கேசட்டைத் தேயத்தேயப் பார்த்தவர்களுக்கு மட்டும், பாடும்போது வாய் தானாகப் பழைய சொல்லுக்கே போகிறது.