மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் நிறுத்தாதீர்கள்

தம்பியின் பிக்கப், ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் வண்டி. தோட்டத்திலிருந்து சந்தை ஆறே கிலோமீட்டர். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தபோது, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டான். பத்தாம் நாள் மேட்டில் வண்டி இழுக்கவில்லை.

மெக்கானிக் முதலில் ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார். அளவுக் கோட்டுக்கு மேலே ஆயில், டீசல் வாடை. "அண்ணே, லாங் ட்ரிப்பே போறதில்லையா?" என்றார். அந்தக் கேள்வியில்தான் நோயின் மூலம் இருந்தது.

சைலன்சருக்கு முன்னால் இருக்கும் டி.பி.எஃப். எனும் புகை ஃபில்டர், தேன்கூடு போலப் பீங்கானில் செய்தது. ஒரு துளை முன்பக்கம் அடைப்பு, அடுத்தது பின்பக்கம் அடைப்பு. புகை சுவரை ஊடுருவித்தான் வெளியேற முடியும். கரி உள்ளே தங்கிவிடும். அது சேர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் அந்த மஞ்சள் விளக்கு. வண்டி நெடுஞ்சாலையில் சீராக ஓடினால், கூடுதல் டீசலைப் பாய்ச்சி, ஃபில்டரை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அந்தக் கரியை எரித்துக்கொள்ளும். பாதியில் நிறுத்தினால் கரி அப்படியே கிடக்கும், டீசல் ஆயிலில் இறங்கும். ஆயிலிலிருந்து சேரும் சாம்பலோ எரியவே எரியாது. குறைந்த சாம்பல் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்பது அதனால்தான்.

கழற்றிய ஃபில்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு துளைகூடத் தெரியவில்லை.

உள்ளே இருப்பதை உடைத்தெடுத்து, வண்டியின் கம்ப்யூட்டரை ஏமாற்றிவிடலாம், செலவு மிச்சம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்காகவே இந்த ஃபில்டர். டீசலில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தையும் அப்போது 10 ஆகக் குறைத்தார்கள். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லேயே அறிவித்துவிட்டது. சந்தையில் வண்டி பின்னால் வரும்போது சைலன்சருக்கு நேரே உட்கார்ந்து தக்காளி தரம் பிரிப்பவர்கள் பெண்கள். அவர்கள் மூச்சில் போய் எதை மிச்சம் பிடிப்பது?

புது ஃபில்டரே வாங்கினோம். அதை மாட்டுமுன் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, டர்போ ஹோஸ் கிழிந்திருக்கிறதா, பிரஷர் சென்சாரின் மெல்லிய குழாய்கள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். காரணத்தைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதுசும் அடைத்துக்கொள்ளும். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டியதிலேயே அரை நாள் போனது. புது கேஸ்கட், புது ஆயில். கடைசியில் ஸ்கேனரில் பழைய கரிக் கணக்கை அழித்தார்கள்.

இப்போது வாரம் ஒருமுறை லோடு இறக்கிய கையோடு திண்டுக்கல் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறான்.