மண்ணில் விழும் இரசம் எங்கே போகிறது?

காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானியினுள் வெள்ளிபோல் மின்னும் உலோகமே இரசம். பாதரசம் என்றும் சொல்வோம். நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி கூடியது. மண்ணில் சிந்தினால் உருண்டோடிக் கண்ணுக்கு மறைந்துவிடும், ஆனால் அழிந்துவிடாது. மண்ணில் எதனோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தே அதன் தீமை கூடும், குறையும். பிறர் காணியில் குடியிருப்போரும், நெடுநாள் விட்டுப்போன காணிக்குத் திரும்புவோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

கல்லில் பூட்டிய இரசம்

இயற்கையில் இரசம் பெரும்பாலும் கந்தகத்தோடு கூடிச் சிவந்த கல்லாகவே கிடைக்கிறது. சித்த வைத்தியர்கள் அதனைச் சாதிலிங்கம் என்பார்கள். இந்தப் பிணைப்பு வலியது. நீரில் எளிதிற் கரையாது. பாறைக்குள் இருக்கும்வரை அது பூட்டிய பெட்டியில் இருப்பது போலத்தான்.

சீனாவின் குய்சோ மாகாணத்தில் வான்ஷான் என்னும் இடத்தில் இந்தக் கல்லைப் பல நூற்றாண்டுகளாக வெட்டி எடுத்தார்கள். 2001இல் சுரங்கவேலை நின்றது. கல்லைச் சூளையில் வறுத்தால் கந்தகம் புகையாகப் பிரியும்; இரசம் ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்து இரசத்தைச் சேர்த்தார்கள். எஞ்சிய வறுத்த கல்லை ஓடைகளின் அருகே குவித்தார்கள். அதில் மிஞ்சிய இரசத்தின் ஒரு பகுதி கரையக்கூடியதாக மாறியிருந்தது. மழை அதனை ஓடைக்குக் கழுவிச் சென்றது. ஓடைநீர் நெல்வயலுக்குப் பாய்ந்தது.

வயலில் நடப்பது என்ன?

மண்ணுக்கு வந்த இரசத்தை, உக்கிய இலைகுழையில் உள்ள கந்தகம் இறுகப் பிடிக்கும். களியும், செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் இரும்பொட்சைட்டும் அவ்வளவு இறுக்கமின்றிப் பிடிக்கும். காற்றோட்டமுள்ள மேட்டுநில மண்ணில் இரசம் பெரும்பாலும் இப்படியே தங்கும், சிறிது ஆவியாகும்.

நீர் கட்டிய வயலில் நிலைமை வேறு. மண்ணுக்குக் காற்றுக் கிடைக்காதபோது, காற்றின்றி வாழும் பற்றீரியாக்கள் பெருகும். சேற்றைக் கிளறும்போது எழும் கூழ்முட்டை மணம் இவற்றின் வேலையே. இரும்பொட்சைட்டு கரைந்து, தான் பிடித்திருந்த இரசத்தை விட்டுவிடும். அதில் ஒரு பகுதி மீண்டும் கந்தகத்தோடு சேர்ந்து பூட்டப்படும். இன்னொரு பகுதியைப் பற்றீரியாக்கள் மெதைல் இரசமாக மாற்றும். இதுவே மிகப் பொல்லாதது. மற்ற இரசம் பெரும்பாலும் நெல்லின் வேரோடு நின்றுவிடும். மெதைல் இரசமோ மேலேறி மணியில் சேரும். வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கக்கூடியது.

வான்ஷான் பகுதியில் மேட்டுநிலச் சோளத்தில் மெதைல் இரசம் மிகக் குறைவாகவும் நெல்லில் அதிகமாகவும் இருப்பதை ஆய்வாளர் கண்டனர். அங்குள்ள மக்களின் உடலில் அது சேர்ந்தது பெரும்பாலும் மீனால் அல்ல, சோற்றினால். மண்ணோடு இறுகிய பழைய இரசத்தைவிடப் புதிதாக வந்து விழும் இரசமே விரைவாக மாறுகிறது என்பதும் தெரிந்தது.

நாம் செய்யக்கூடியவை

நமது நாட்டில் இரசச் சுரங்கம் இல்லை. நமது சோற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நமது வயற்சேறும் குளத்துச் சேறும் அவ்வாறே வேலை செய்யும். ஆகவே புதிதாக இரசம் சேராமற் பார்ப்பது நமது கையில் உள்ளது.

1. உடைந்த வெப்பமானி, இரசமுள்ள பழைய இரத்த அழுத்தமானி, எரிந்துபோன குழல்விளக்கு என்பவற்றை வயலிலோ குளத்திலோ கிணற்றடியிலோ போடாதீர்கள். அங்கே புதைக்கவும் வேண்டாம்.

2. வீட்டில் இரசம் சிந்தினால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு யன்னல்களைத் திறவுங்கள். விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், துளிகள் சிதறும். பொன் நகைகளில் இரசம் ஒட்டும், அவற்றைக் கழற்றுங்கள். கைபடாமல், தடித்த கடதாசியால் துளிகளை ஒதுக்கி எடுத்து, மூடியுள்ள போத்தலில் இடுங்கள்.

3. ஒருபோதும் சூடாக்காதீர்கள், தீயில் இடாதீர்கள். இரச ஆவியைச் சுவாசிப்பது பெரும் ஆபத்து.

4. இடிந்த மருந்தகத்திலோ பாடசாலை ஆய்வுகூடத்திலோ வெள்ளித் துளிகளைக் கண்டால் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். வீட்டில் சேர்த்த போத்தலை என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.